முதல் ரேட்டிங் ஆட்டம்: கை நீளுவதற்கு முன்

பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் வீட்டுத் திண்ணையிலும் பள்ளி வராந்தாவிலும் சதுரங்கம் ஆடிப் பழகிய நீங்கள், சென்னையில் நடக்கும் ஒரு ரேட்டிங் போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். காய்கள் நகரும் விதம் தெரியும். நான்கைந்து தொடக்க வரிசைகள் மனப்பாடம். ஊரில் உங்களை ஜெயிக்க ஆள் குறைவு. ஆனால் எதிரே முகம் தெரியாத ஆள், பக்கத்தில் ஓடும் கடிகாரம், முதுகுக்குப் பின்னால் நடக்கும் நடுவர் என்று நான்கு மணி நேரம் உட்கார்ந்து பழக்கமில்லை. அந்த நான்கு மணி நேரத்துக்கானது இந்த இயல்.

முதல் போட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டம் தெரியாமல் தோற்பதில்லை. கண் பார்த்து முடிப்பதற்குள் கை போய்விடுகிறது, அதனால் தோற்கிறார்கள். இந்த இயலில் உள்ள படிகள் எல்லாமே கையை நிறுத்தி வைப்பதற்காகச் சொல்லப்படுபவை.

போட்டிக்கு முந்தைய வாரம்

1. பதிவு எண்களைச் சரிபாருங்கள். ரேட்டிங் போட்டியில் ஆட அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பின் பதிவும், உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் எண்ணும் வேண்டும். பெயர், பிறந்த தேதி இரண்டும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். பின்னால் திருத்துவது அலைச்சல்.

2. போட்டி அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். எத்தனை சுற்று, ஆட்ட நேரம் என்ன, எத்தனை நிமிடம் தாமதமாக வந்தால் தோற்றதாகக் கணக்கு, பலகையும் கடிகாரமும் நாமே கொண்டுவர வேண்டுமா என்ற நான்கு விவரங்களையும் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பல போட்டிகளில் ஆட்டக்காரரே பலகை கொண்டுவர வேண்டியிருக்கும்.

3. நகர்வுகளைக் குறிக்கும் தாளான ஸ்கோர்ஷீட்டை எழுதப் பழகுங்கள். இந்த வாரம் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதியே ஆடுங்கள். போட்டி அரங்கில்தான் முதன்முதலாக எழுதுகிறவர் பாதிக் கவனத்தைத் தாளில் விட்டுவிடுவார்.

4. டிஜிட்டல் கடிகாரம் கைக்குப் பழக வேண்டும். ஊரில் யாரிடமும் இல்லையென்றால் பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் ஒரு நாளைக்குக் கேட்டுப் பாருங்கள். காய் நகர்த்திய அதே கையால் அழுத்த வேண்டும் என்பது விரலுக்குப் பதிய இரண்டு மூன்று ஆட்டமாவது பிடிக்கும்.

ரேட்டிங் எண்ணைப் பற்றி ஒரே ஒரு விவரம் போதும். ரேட்டிங் உள்ள எதிராளிகளோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியபின்தான் உங்களுக்கு எண் வரும். 2024 மார்ச் முதல் பட்டியலின் அடிமட்டம் 1400. முதல் போட்டியிலேயே எண் வராமல் போகலாம், அதற்காக மனம் தளர வேண்டாம்.

கிளம்பும் நாள்: பாதுகாப்பு

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பேருந்து, பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டித் தடத்துப் புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து அரங்கம். மூன்று வண்டி ஏற வேண்டிய பயணம் இது. முதல் சுற்று காலையில் என்றால் முந்தைய நாளே போய் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. வழியில்லை என்றால் ஆட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அரங்கில் இருக்கும்படி கணக்குப் போடுங்கள்.

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து படகில் வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நம் ஊர்களில் யாரும் மறக்கவில்லை. சுற்று தொடங்கிவிடும் என்ற அவசரத்தில் நிறைந்த படகில் ஏறாதீர்கள். உயிர்காப்பு உடை இல்லாமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று திரும்பியிருந்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். வர முடியாது என்று நடுவருக்கு முன்கூட்டியே தெரிவித்தால் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு.

- முந்தின இரவு வலைக்குப் போகாதீர்கள். விடியற்காலையில் ஏரியிலிருந்து வந்து அப்படியே பேருந்து ஏறுகிற பையன்கள் மூன்றாம் மணி நேரத்தில் கண் சொருகுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு இரவு வருமானம் போவது குடும்பத்துக்குச் சிறிய விஷயமல்ல, தெரியும். அதனால்தான் அப்பாவிடம் ஒரு வாரம் முன்பே பேசிவைக்கச் சொல்கிறேன்.
- சுற்று முடிய இரவாகலாம். கடைசிப் பேருந்து எப்போது என்று போகும்போதே பொன்னேரியில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.
- வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். இட்லி, வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர் போதும். வழியில் வாங்கும் எண்ணெய்ப் பண்டம் முதல் நாள் வேண்டாம்.

போர்டுக்கு முன்னால் முதல் பத்து நிமிடம்

அரங்க வாசலில் இணைப்பட்டியல் ஒட்டியிருப்பார்கள். போர்டு எண், உங்கள் நிறம், எதிராளி பெயர் மூன்றையும் பார்த்துக்கொண்டு உள்ளே போங்கள். எதிராளியின் ரேட்டிங்கை ஒரு முறை பார்த்தால் போதும். பார்த்துப் பார்த்துப் பயப்படுவதால் ஒரு நகர்வும் நல்லதாகிவிடாது.

1. கைபேசியை அணைத்து வெளியே பெரியவரிடம் கொடுத்துவிடுங்கள். பையில் அணைத்து வைக்க நடுவர் அனுமதிக்கும் போட்டிகளும் உண்டு. ஆனால் உங்கள் உடம்பில் கைபேசி இருப்பது தெரிந்தால் ஆட்டமே போய்விடும். ஒலித்ததா இல்லையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஸ்மார்ட் வாட்சுக்கும் இதே கதைதான். என் யோசனை, எந்தக் கைக்கடிகாரமும் வேண்டாம். மேசையில்தான் கடிகாரம் இருக்கிறதே.

2. உங்கள் வலக்கைப் பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்கிறதா பாருங்கள். ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்கிறாளா பாருங்கள். பலகை திரும்பியிருப்பதைப் பத்தாவது நகர்வில் கண்டுபிடித்தால் தலைவலி.

3. கடிகாரத்தில் சரியான நேரம் வைத்திருக்கிறார்களா பாருங்கள். 90+30 என்றால் ஆளுக்கு 90 நிமிடம், அதோடு ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடும். எண் மாறியிருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

4. ஸ்கோர்ஷீட்டில் இரு பெயர், சுற்று, போர்டு எண் நிரப்புங்கள். பேனா இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

5. நடுவர் தொடங்கச் சொன்னதும் கை குலுக்குங்கள். கறுப்பு ஆடுகிறவர் கடிகாரத்தை அழுத்த, வெள்ளையின் நேரம் ஓடத் தொடங்கும்.

ஒரு நகர்வின் வரிசை

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

எதிராளி நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டார். இப்போது:

1. கைகள் மடியில். மேசை மேல் கை இருந்தால் அது காயை நோக்கிப் போகும்.

2. அவர் நகர்வைத் தாளில் எழுதுங்கள். எழுதும் அந்த ஐந்து விநாடியில் படபடப்பு அடங்கும்.

3. அவர் ஏன் இதை ஆடினார் என்று கேளுங்கள். நகர்ந்த காய் புதிதாக எதைத் தாக்குகிறது? அது விட்டு வந்த இடத்தில் எது திறந்தது?

4. ராஜாவுக்கு செக், வெட்டு, மிரட்டல். முதலில் அவருக்கு இருப்பவை, பிறகு உங்களுக்கு இருப்பவை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். தன்னுடையதை முதலில் பார்ப்பவர் எதிராளியுடையதைப் பார்க்கவே மாட்டார்.

5. இரண்டு நகர்வுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்று தோன்றினாலும் இன்னொன்றைத் தேடுங்கள்.

6. முடிவு செய்த நகர்வை மனத்தில் ஆடிப் பாருங்கள். நீங்கள் நகர்த்தும் காய் இதுவரை எதைக் காத்துக்கொண்டிருந்தது? எந்த வழியை அடைத்துக்கொண்டிருந்தது? அது நகர்ந்தால் எது திறக்கும்?

7. ஒரே கையால் நகர்த்தி, அதே கையால் கடிகாரத்தை அழுத்துங்கள்.

8. உங்கள் நகர்வை எழுதுங்கள். ஆடுவதற்கு முன்பே எழுதுவது விதிமீறல், டிரா கோரும் சந்தர்ப்பம் மட்டும் விலக்கு.

எட்டுப் படியும் கேட்க நீளம். பழகிவிட்டால் எளிய நிலையில் அரை நிமிடத்தில் முடியும். சிக்கலான நிலையில் பத்து நிமிடம் ஆகலாம், அதற்குத்தான் 90 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

தொட்டால் ஆட வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரியும். ஊரில் அதைத் தளர்த்தி ஆடியிருப்பீர்கள், அரங்கில் தளர்வே கிடையாது. உங்கள் காயைத் தொட்டால் அதை நகர்த்தியாக வேண்டும், எதிராளி காயைத் தொட்டால் வெட்டியாக வேண்டும், அந்த நகர்வு விதிப்படி முடியுமானால். காய் கட்டத்துக்குள் கோணலாக நின்றால், உங்கள் முறையில் மட்டும், முதலில் ‘அட்ஜஸ்ட்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்று ஊரிலும் ஏரியில் முறை வைத்து மீன் பிடிக்கும் பாடு எப்படி என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். தன் பாடு இல்லாத நாளில் அந்த இடத்தில் யாரும் வலை இறக்குவதில்லை. எதிராளியின் கடிகாரம் ஓடும்போது பலகையை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

*கோட்டை கட்டும்போது நடக்கும் தவறு:* யானையை முதலில் தொடுவது, இரண்டு கையாலும் ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் நகர்த்துவது. ராஜாவை முதலில் இரண்டு கட்டம் வையுங்கள், பிறகு அதே கையால் யானை. யானையைத் தொட்டுவிட்டால் யானைதான் நகரும்.

*சிப்பாய் ராணியாகும்போது நடக்கும் தவறு:* பக்கத்தில் ராணி இல்லையென்று யானையைத் தலைகீழாக வைத்து ‘ராணி’ என்பது. அது விதிப்படி யானைதான். கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் ஒரு ராணி கேட்டு வாங்கி வையுங்கள்.

பயிற்சி: சென்னை, 2013 நவம்பர் 21

ஆறாவது படி எவ்வளவு பெரியது என்று காட்ட நம் சென்னையிலேயே நடந்த ஓர் ஆட்டம் இருக்கிறது. உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தும் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனும் தேனாம்பேட்டை ஹயாத் ரீஜன்சியில் ஆடிய உலகப் போட்டி. எட்டு ஆட்டம் முடிந்தபோது கார்ல்சன் 5-3 என்று முன்னிலையில் இருந்தார். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு வெள்ளை. ஜெயித்தே ஆக வேண்டிய நிலையில் ராஜா பக்கம் துணிந்து தாக்கினார். கார்ல்சன் ராணி பக்கத்தில் ஒரு சிப்பாயை ஓட்டிக்கொண்டு போனார். 27-ஆம் நகர்வில் அந்தச் சிப்பாய் பி1 கட்டத்தில் ராணியாகி செக் வைத்தது.

இப்போது பலகையை எடுத்து இந்த நிலையை வையுங்கள்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி எச்6, யானை எஃப்4, மந்திரி ஜி2, குதிரை ஜி3, சிப்பாய்கள் சி3, டி4, ஈ5, எஃப்6, ஜி5, எச்2.

கறுப்பு: ராஜா ஜி8, பழைய ராணி டி8, புதிய ராணி பி1, யானை எஃப்8, மந்திரி சி8, குதிரை ஈ8, சிப்பாய்கள் சி4, டி5, எஃப்7, ஜி6, எச்7.

வெள்ளையின் திட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. யானை எச்4-க்குப் போனால் அடுத்து ராணி எச்7-இல் மேட். ஆனால் முதலில் செக்கைத் தடுக்க வேண்டும். எஃப்1-இல் மந்திரியை வைக்கலாம், அல்லது குதிரையை வைக்கலாம். தொடர்ந்து படிக்காமல் ஐந்து நிமிடம் நீங்களே பாருங்கள். பக்கத்தில் தம்பி தங்கை இருந்தால் கறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.

ஆனந்த் குதிரையை வைத்தார். கார்ல்சன் புதிய ராணியை ஈ1-க்கு நகர்த்தினார். ஆனந்த் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

காரணத்தைப் பலகையிலேயே பாருங்கள். ஈ1, எஃப்2, ஜி3, எச்4 நான்கும் ஒரே மூலைக்கோட்டில் வருகின்றன. ஜி3-இல் குதிரை நின்றவரை அந்தக் கோடு அடைபட்டிருந்தது. குதிரை எஃப்1-க்கு வந்ததும் கோடு திறந்தது. இனி வெள்ளை யானை எச்4-க்குப் போனால் கறுப்பு ராணி அதை வெட்டிவிடும். வெள்ளை ராணி திருப்பி வெட்டினாலும் கறுப்புக்கு இன்னொரு ராணி மிச்சம், ஒரு யானையும் கூடுதல். தாக்குதல் அங்கேயே முடிந்துவிட்டது. மந்திரியை எஃப்1-இல் வைத்திருந்தால் குதிரை ஜி3-இலேயே நின்றிருக்கும். கறுப்பு புதிய ராணியை டி1 வழியாக எச்5-க்குக் கொண்டுவந்து அதைப் பலி கொடுத்துத்தான் தப்ப வேண்டியிருக்கும். ஆட்டம் தொடர்ந்திருக்கும்.

ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர், பல நகர்வு ஆழம் கணக்கிட்டுத் தாக்கியவர், இதைக் கோட்டை விட்டார் என்றால் அது அறிவுக் குறைவால் அல்ல. எச்4-க்குப் போகும் யானையை மனம் ஏற்கனவே பார்த்துவிட்டது. நடுவில் செக்கைத் தடுக்கும் நகர்வு சடங்கு போலத் தோன்றிவிடும். உங்கள் ஆட்டத்திலும் ‘இது கட்டாய நகர்வுதானே’ என்று கை போகும் இடங்களில்தான் ஆறாவது படி மிகவும் வேண்டும். ஒரு செக்கை இரண்டு விதமாகத் தடுக்க முடிந்தால், இரண்டையும் ஒப்பிடாமல் எதையும் தொடாதீர்கள்.

இந்த நிலையை ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரு முறை வைத்துப் பாருங்கள். மூலைக்கோடு திறப்பது கண்ணில் படுகிற பழக்கம் வந்துவிடும்.

நேரத்தைப் பங்கிடுதல்

முதல் போட்டியில் நேரம் போதாமல் தோற்பவர் குறைவு. ஆட்டம் முடியும்போது கடிகாரத்தில் 70 நிமிடம் மிச்சம் வைத்துவிட்டுத் தோற்பவர்கள்தான் அதிகம். திண்ணையில் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடித்த பழக்கம் அது.

90+30 ஆட்டத்தில் நான் சொல்லும் அளவு இது: 15-ஆம் நகர்வு வரும்போது கடிகாரத்தில் 65 முதல் 75 நிமிடம், 30-ஆம் நகர்வில் 25 முதல் 35 நிமிடம். ஸ்கோர்ஷீட்டில் ஐந்து நகர்வுக்கு ஒரு முறை மிச்ச நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், விதி அதை அனுமதிக்கிறது. வேறு குறிப்பு எதுவும் எழுதக் கூடாது.

எதிராளி வேகமாக ஆடினால் நீங்களும் வேகம் எடுக்காதீர்கள். அது தானாகவே தொற்றிக்கொள்ளும். எழுந்து ஒரு நடை நடந்து வாருங்கள். எழுவது எதிராளியின் முறையில் இருக்கட்டும். உங்கள் முறையில் அரங்கை விட்டு வெளியே போக நடுவர் அனுமதி வேண்டும். நடக்கும்போது அம்மா அப்பாவோடு பேசாதீர்கள், ‘பசிக்குதா?’ என்ற கேள்விக்குப் பதில்கூட வேண்டாம். சைகை காட்டியதாக எதிராளி புகார் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

நடுவரை எப்போது கூப்பிடுவது

நம் பிள்ளைகள் நடுவரைக் கூப்பிடவே கூச்சப்படுகிறார்கள். எதிராளி நகரத்துப் பையன், நன்றாகப் பேசுகிறான், அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். இது மாற வேண்டும். நடுவர் அரங்கில் இருப்பது உங்களுக்காகவும்தான்.

முறை எளிது: கடிகாரத்தை இரு பக்கமும் நிறுத்துங்கள், கையைத் தூக்குங்கள், ‘சார், கொஞ்சம் வாங்க’ அல்லது ‘மேடம், கொஞ்சம் வாங்க’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். எதிராளியோடு வாதாட வேண்டாம். நடுவரிடம் நடந்ததை மட்டும் தமிழிலேயே சொல்லுங்கள்.

கூப்பிட வேண்டிய இடங்கள்:

- எதிராளி விதிக்கு மாறான நகர்வை ஆடிக் கடிகாரத்தை அழுத்திவிட்டால். முதல் முறைக்கு உங்களுக்கு 2 நிமிடம் கூடுதல். அவர் இரண்டாம் முறையும் செய்தால் ஆட்டம் உங்களுடையது. உங்களால் அவருடைய ராஜாவை மேட் செய்யவே முடியாத அளவுக்குக் காய்கள் குறைந்திருந்தால் மட்டும் டிரா.
- தொட்ட காயை விட்டு வேறு காயை நகர்த்தினால். நீங்கள் உங்கள் காயைத் தொடுவதற்கு முன்பே கூப்பிட வேண்டும். தொட்டுவிட்டால் புகார் சொல்லும் உரிமை போய்விடும்.
- எதிராளியின் நேரம் பூஜ்யமானால்.
- உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால். தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் எதுவாக இருந்தாலும் உடனே. புள்ளிக்காக அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள்.

டிரா

டிரா கேட்பதற்கும் வரிசை உண்டு. முதலில் நகர்த்துங்கள், பிறகு ‘டிரா?’ என்று கேளுங்கள், அதன் பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். இருவரும் ஸ்கோர்ஷீட்டில் சமக்குறி போட வேண்டும். எதிராளி மறுத்தபின் திரும்பத் திரும்பக் கேட்டால் தொந்தரவாகக் கணக்கு.

ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்று கோருவது வேறு. இங்கே பலரும் தவறுகிறார்கள். நகர்வை ஆடிவிட்டுக் கோரினால் செல்லாது. ஆடப்போகும் நகர்வைத் தாளில் எழுதுங்கள், காயைத் தொடாதீர்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், நடுவரைக் கூப்பிடுங்கள். கோரிக்கை தவறாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையே நீங்கள் ஆட வேண்டும். ஸ்கோர்ஷீட் தெளிவாக இருந்தால்தான் நிலை மூன்று முறை வந்ததை நிரூபிக்க முடியும்.

பெரிய ரேட்டிங் உள்ளவர் டிரா கேட்டால் பெருமைப்பட்டு உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் கேட்கிறார் என்றால் நிலையில் ஏதோ அவருக்குப் பிடிக்கவில்லை. எட்டுப் படியையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கடைசி மணி நேரம்: காய் மாற்றும் முன்

களைத்த மனம் காய் மாற்றத் துடிக்கும். பலகையில் காய் குறைந்தால் வேலையும் குறையும் என்று அதற்குத் தோன்றும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் சென்னையின் குகேஷும் உலக சாம்பியன் டிங் லிரேனும் ஆடிய உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டம் இதற்குப் பாடம். பதின்மூன்று ஆட்டத்தில் ஆளுக்கு 6.5. பதினான்காவது ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்பு, ஒரு சிப்பாய் கூடுதல். ஆளுக்கொரு யானை, ஒரு மந்திரி. டிங் பொறுமையாக இருந்தால் டிரா.

55-ஆம் நகர்வில் டிங் யானையை எஃப்2-இல் வைத்து யானை மாற்றத்துக்கு அழைத்தார். அவர் மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை டி5-இல் வைத்து, மந்திரிகளையும் மாற்றியாக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கினார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும் மட்டும். அந்த முடிவாட்டம் கறுப்புக்கு வெற்றி. 58-ஆம் நகர்வோடு டிங் விட்டுக்கொடுத்தார், 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

நீங்கள் பின்பற்ற வேண்டியது:

1. ஒரு ஜோடி காய் மாற்றும் முன், அதற்கு அடுத்த ஜோடியும் மாறினால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

2. மிஞ்சுவது ராஜா, சிப்பாய் மட்டும் என்றால் நின்று எண்ணுங்கள். அங்கே ஒரு நகர்வு முன்னே பின்னே ஆனாலும் முடிவு மாறும்.

3. மூலையில் ஒதுங்கிய உங்கள் காய் எது? மாற்றம் தொடங்கும் முன் அதை வெளியே கொண்டுவாருங்கள்.

முடிந்ததும்

தோற்றால் கை நீட்டிக் குலுக்குங்கள். ஜெயித்தாலும் சத்தம் வேண்டாம், பக்கத்து போர்டில் இன்னும் ஆடுகிறார்கள். காய்களைத் திரும்ப அடுக்குங்கள். இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் முடிவு ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முடிவை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் திருத்துவது கடினம். நடுவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.

எதிராளி விரும்பினால் அரங்குக்கு வெளியே அவரோடு உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்பிப் பாருங்கள். ‘அண்ணா, இங்க நான் என்ன ஆடியிருக்கணும்?’ என்று தோற்றவர் கேட்டால் பெரும்பாலும் மனம் விட்டுச் சொல்லித் தருவார்கள். கட்டணம் இல்லாமல் கிடைக்கும் வகுப்பு அது.

அடுத்த சுற்று மறுநாள் காலை என்றால், தோற்ற ஆட்டத்தை அன்றிரவு கணினியில் போட்டுப் பார்க்காதீர்கள். பெற்றோரும் பேருந்தில் அதைப் பற்றிப் பேச வேண்டாம். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றிருந்தார். ஆகஸ்ட் 8 அன்று பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் நல்ல நிலையை நேர நெருக்கடியில் இழந்து தோற்றார். இந்திய ‘பி’ அணிக்குத் தங்கம் கை நழுவிய நாள் அது. மறுநாள் கடைசிச் சுற்றில் ஜெர்மனிக்கு எதிராக முதல் போர்டில் உட்கார்ந்து டிரா செய்தார். அணி 3-1 என்று வென்று வெண்கலம் பெற்றது. முதல் போர்டுக்கான தனிநபர் தங்கமும் அவருக்கே.

போட்டி முழுவதும் முடிந்து ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொரு ஸ்கோர்ஷீட்டையும் இப்படிப் பாருங்கள்:

1. கணினி இல்லாமல், பலகையில் முழு ஆட்டத்தையும் ஒரு முறை ஆடிப் பாருங்கள்.

2. ஆட்டம் கை மாறிய நகர்வைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். ஆட்டத்துக்கு ஒன்றுதான், பத்து வேண்டாம்.

3. அந்த நகர்வின்போது எட்டுப் படியில் எதைத் தவறவிட்டீர்கள் என்று பக்கத்தில் படியின் எண்ணை எழுதுங்கள்.

4. இதற்குப் பிறகு கணினியில் சரிபாருங்கள்.

5. எல்லா ஸ்கோர்ஷீட்டிலும் எழுதிய எண்களைக் கூட்டிப் பாருங்கள். எந்த எண் அதிகம் வருகிறதோ, அடுத்த போட்டி வரை பயிற்சி அந்தப் படிக்குத்தான். ஆறு அதிகம் வந்தால் அடுத்த இயலில் உள்ள மூலைக்கோட்டுப் பயிற்சிகளிலிருந்து தொடங்குங்கள். நான்கு அதிகம் வந்தால் ஒன்பதாம் இயலுக்குப் போங்கள்.